போனை டிவியில் செருகி கம்ப்யூட்டராகப் பயன்படுத்துவது எப்படி?

என் அக்கா மகள் போன வருடம் முப்பது பக்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஒன்றை மூன்று நாளில் முடிக்க வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த ஒரே லேப்டாப் அந்த வாரம் பார்த்துப் படுத்துவிட்டது. சோபா மூலையில் உட்கார்ந்து இரண்டு கட்டைவிரலாலும் போனிலேயே தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு அட்டவணையில் நான்காவது கட்டத்தைத் தொட்டால் ஐந்தாவது கட்டம் திறந்தது. நான் என் பையிலிருந்த சின்ன ஹப்பை (போனின் ஒரே ஓட்டையைப் பல ஓட்டைகளாகப் பிரித்துத் தரும் பெட்டி) எடுத்து, டிவியின் எச்டிஎம்ஐ கேபிளை அதில் மாட்டி, அவள் போனில் செருகினேன். மவுஸை அசைத்ததும் டிவியில் அம்புக்குறி நகர்ந்தது. கீழே டாஸ்க்பார், மேலே ஜன்னல் ஜன்னலாக ஆப்கள். "சித்தி, இது என் போன்தானா?" என்று கேட்டாள்.

அவள் போன்தான். அதில் அந்த வசதி ஆரம்பத்திலிருந்தே இருந்தது, அவளுக்குத்தான் தெரியாது. அவளைப் போல, கையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டே 'எங்கிட்ட கம்ப்யூட்டர் இல்லை' என்று சொல்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வேண்டுகோள்: பாதியைப் படித்துவிட்டு எதையும் வாங்கிவிடாதீர்கள். முதலில் உங்கள் போன் எந்த வகை என்று தெரிய வேண்டும்.

இரண்டு விதம் இருக்கிறது

போனைப் பெரிய திரையில் காட்டுவதில் இரண்டு விதம். ஒன்று பிரதிபலிப்பு: போனில் தெரிவதெல்லாம் அப்படியே டிவியில் தெரியும். போனை நிமிர்த்திப் பிடித்தால் டிவியின் நடுவில் ஒல்லியாக ஒரு பட்டை, இரண்டு பக்கமும் கறுப்பு. இன்னொன்று டெஸ்க்டாப் முறை: பெரிய திரைக்கென்று தனி முகப்பு வரும், ஆப்கள் ஜன்னல்களாகத் திறக்கும், போன் திரை வேறு வேலைக்குச் சும்மா இருக்கும். படம் பார்க்கவும் பாடம் கேட்கவும் முதல் விதம் போதும். எழுத, கணக்குப் போட, இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டாவதுதான் வேண்டும்.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. 2011-லேயே மோட்டோரோலா, அட்ரிக்ஸ் என்ற போனை லேப்டாப் வடிவக் கூடு ஒன்றின் பின்னால் செருகும்படி விற்றது. 2015-ல் மைக்ரோசாஃப்ட் தன் லூமியா 950 போனுக்கு கன்டினம் என்ற வசதியைக் கொடுத்தது. இரண்டும் நிற்கவில்லை. அன்றைய போன்களுக்கு அவ்வளவு வலு இல்லை, பெரிய திரைக்கேற்ற ஆப்களும் குறைவு. 2017-ல் கேலக்ஸி எஸ்8-உடன் சாம்சங் கொண்டுவந்த டெக்ஸ் என்ற டெஸ்க்டாப் முறை மட்டும் நிலைத்து நின்றது. இப்போது கூகுளே ஆண்ட்ராய்டுக்குள் டெஸ்க்டாப் முறையைச் சேர்த்துவருகிறது.

முதல் படி: காசு செலவில்லாத சோதனை

வீட்டில் பழைய யூஎஸ்பி மவுஸ் ஒன்று இருந்தால் எடுங்கள். போனின் டைப் சி ஓட்டையில் யூஎஸ்பி செருகும் சின்ன ஓடிஜி முனை இருந்தால் அதையும் எடுங்கள், சில போன்களின் பெட்டியிலேயே அது வந்திருக்கும். மவுஸைச் செருகி அசைத்துப் பாருங்கள். போன் திரையில் அம்புக்குறி வந்தால் கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ் எல்லாம் வேலை செய்யும் என்று அர்த்தம். சில போன்களில் செட்டிங்ஸில் ஓடிஜி என்று தேடி அதை ஆன் செய்ய வேண்டியிருக்கும். ப்ளூடூத் மவுஸ் இருந்தால் இந்த முனைகூட வேண்டாம்.

மவுஸ் வேலை செய்வதால் மட்டும் டிவியில் படம் வந்துவிடாது. அது வேறு கதை. அதில்தான் நிறையப் பேர் ஏமாந்து காசை விடுகிறார்கள்.

இரண்டாவது படி: உங்கள் போனின் ஓட்டை படம் அனுப்புமா?

டைப் சி என்பது ஓட்டையின் வடிவத்துக்குப் பெயர், அவ்வளவுதான். அதற்குள் என்னென்ன ஓடும் என்பது போனுக்குப் போன் மாறும். சார்ஜ் ஏறுவது எல்லாவற்றிலும் உண்டு. படம் வெளியே போக வேண்டுமானால் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி போனுக்குள் இருக்க வேண்டும். டைப் சி ஓட்டையில் 24 முனைகள் இருக்கின்றன. அவற்றில் வேகமான தரவுக்கென்று இருக்கும் தடங்களைப் படத்துக்குக் கடன் கொடுப்பதுதான் இந்த வசதி. குறைந்த விலைப் போன்களில் பெரும்பாலும் அந்தத் தடங்களை இணைத்திருக்கவே மாட்டார்கள். மென்பொருள் அப்டேட்டோ ஆப்போ அதைச் சரிசெய்யாது, கம்பியே இல்லாத இடத்தில் மின்சாரம் தேடுவது போல.

எப்படித் தெரிந்துகொள்வது? போனின் முழு மாடல் பெயரோடு 'டிஸ்ப்ளேபோர்ட்' என்று தேடுங்கள். ஜிஎஸ்எம் அரீனா போன்ற தளங்களில் உங்கள் மாடலின் பக்கத்தில் யூஎஸ்பி என்ற வரிசையைப் பாருங்கள். அங்கே டிஸ்ப்ளேபோர்ட் என்று எழுதியிருந்தால் படம் வரும். 'டைப் சி 2.0, ஓடிஜி' என்று மட்டும் இருந்தால் (2.0 என்பது யூஎஸ்பியின் பழைய, மெதுவான தரவு வேகம்) பெரும்பாலும் வராது. ஐபோன் 15 இதற்கு விலக்கு: தரவு வேகம் 2.0 தான், ஆனாலும் படம் அனுப்பும். அதனால் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல் டிஸ்ப்ளேபோர்ட் என்ற சொல்லையே தேடுங்கள்.

பொதுவாக நிலைமை இதுதான்:

- சாம்சங்கில் எஸ் வரிசையும் மடக்கும் ஃபோல்டு வரிசையும் டெக்ஸ் தருகின்றன. ஃப்ளிப் வரிசைக்கு 2025-ல் வந்த ஃப்ளிப் 7-இலிருந்துதான் கிடைத்தது. ஏ, எம் வரிசைப் போன்களில் கிட்டத்தட்ட எதிலும் கிடையாது.
- கூகுள் பிக்சலில் 8-ம் அதற்குப் பிந்தையவையும் படம் அனுப்பும். அதற்கு முந்தைய பிக்சல்களில் இந்த வழியைக் கூகுள் திறந்துவிடவில்லை.
- மோட்டோரோலாவில் எட்ஜ் வரிசையின் பல மாடல்களில் டெஸ்க்டாப் முறை உண்டு. முதலில் ரெடி ஃபார் என்று பெயர், இப்போது ஸ்மார்ட் கனெக்ட்.
- ஐபோன் 15-லிருந்து டைப் சி வழியாகப் படம் வரும், ஆனால் பிரதிபலிப்பு மட்டும்தான். அதற்கு முந்தைய லைட்னிங் ஐபோன்களுக்கு ஆப்பிளின் தனி எச்டிஎம்ஐ அடாப்டர் வேண்டும்.

மூன்றாவது படி: கேபிள்

இந்த ஒரு விஷயத்தில் நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன். டைப் சி நேரடியாகச் செருகும் மானிட்டர் ஒன்று கிடைத்திருந்தது. போனோடு வந்த சார்ஜர் கேபிளை எடுத்து மாட்டினேன். போன் சார்ஜ் ஆனது, மானிட்டர் 'சிக்னல் இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. செட்டிங்ஸை எல்லாம் புரட்டினேன், போனை மூன்று முறை அணைத்துப் போட்டேன், மானிட்டர்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி திருப்பிக் கொடுக்கவும் தயாராகிவிட்டேன். சாயங்காலம் தம்பி தன் வெளி ஹார்டு டிஸ்க்கின் கேபிளை மாட்டிப் பார்த்தான். உடனே படம் வந்தது.

காரணம் எளிது. போனோடு வரும் கேபிள்கள் பெரும்பாலும் சார்ஜுக்கும் 2.0 வேகத் தரவுக்கும் மட்டும் செய்தவை. இரண்டு முனையும் டைப் சி-யாக இருந்தாலும், படம் போக வேண்டிய கம்பிகள் உள்ளே இருக்காது. பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. கொஞ்சம் தடிமனாகவும் விறைப்பாகவும் இருப்பது ஒரு குறிப்பு, அதையும் முழுதாக நம்ப முடியாது. வாங்கும்போது '10 ஜிபிபிஎஸ்' என்றோ 'வீடியோ ஆதரவு' என்றோ அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் '100 வாட்' என்பது சார்ஜ் வேகம், படத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கேபிளில் ஒரு வண்ண நூலைக் கட்டிவிடுங்கள். நான் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், யாரும் அதைச் சார்ஜ் போட எடுத்துப்போவதில்லை.

டிவியும் சாதாரண மானிட்டரும்தான் உங்களிடம் இருக்கிறது என்றால் இந்தக் கவலை பாதி குறையும். ஹப்பின் வால் கேபிள் அதோடேயே சேர்ந்திருக்கும், மறுபக்கம் எச்டிஎம்ஐ.

நான்காவது படி: ஹப்

வேண்டியது மூன்று ஓட்டைகள்: ஒரு எச்டிஎம்ஐ, ஒன்றிரண்டு சாதாரண யூஎஸ்பி, அப்புறம் சார்ஜர் செருக ஒரு டைப் சி. இந்த மூன்றாவதில் 'பிடி' (PD, அதாவது பவர் டெலிவரி) என்று குறித்திருக்கும். அது இல்லாத மலிவான எச்டிஎம்ஐ அடாப்டரை வாங்காதீர்கள். போனின் ஒரே ஓட்டையை அடாப்டர் அடைத்துக்கொள்ளும், சார்ஜ் போட வழியிருக்காது. ரிப்போர்ட்டின் பாதியில் பேட்டரி தீர்ந்தால் அழுகை வரும். ஹப் வழியாக மெதுவாகத்தான் சார்ஜ் ஏறும், போன் கம்பெனியின் தனி அதிவேக சார்ஜிங் பெரும்பாலும் இதில் கிடைக்காது. பரவாயில்லை, குறையாமல் நின்றாலே போதும்.

4கே டிவி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பல ஹப்களில் '4கே' என்று பெரிதாகவும் '30 ஹெர்ட்ஸ்' என்று பொடியாகவும் எழுதியிருக்கும். நொடிக்கு 30 முறைதான் படம் மாறும் என்று அதற்குப் பொருள். சினிமாவில் தெரியாது. ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி கையைவிட ஒரு எட்டு பின்னால் வருவது போலிருக்கும். அரை மணி நேரத்தில் கண் வலிக்கும். 60 ஹெர்ட்ஸ் ஹப் வாங்குங்கள், இல்லையென்றால் 1080பி அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 1080பி மானிட்டருக்கு ஏறக்குறைய எந்த ஹப்பும் சரிதான்.

ஐந்தாவது படி: செருகி ஆன் செய்வது

முதலில் சார்ஜரை ஹப்பில் மாட்டுங்கள், அப்புறம் எச்டிஎம்ஐ, அப்புறம் மவுஸும் கீபோர்டும், கடைசியில்தான் போன். சார்ஜரை நடுவில் செருகினால் சில ஹப்கள் ஒரு முறை அணைந்து எழுந்திருக்கும், படம் போய்விட்டு வரும். டிவி ரிமோட்டில் சரியான எச்டிஎம்ஐ எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

சாம்சங் போனில் செருகியதும் டெக்ஸ் தொடங்கட்டுமா என்று கேட்கும். கேட்காவிட்டால் மேலிருந்து இழுக்கும் பட்டியலில் டெக்ஸ் பொத்தான் இருக்கும். பழைய வீடியோக்களில் விண்டோஸ் லேப்டாப்பில் டெக்ஸ் ஆப் போட்டு இணைப்பதைக் காட்டுவார்கள். அந்த ஆப்பை சாம்சங் நிறுத்திவிட்டது, அதைத் தேடி அலைய வேண்டாம். கீபோர்டும் மவுஸும் இல்லையென்றால் போன் திரையையே டச்பேடாக மாற்றிக்கொள்ளலாம், அறிவிப்புப் பட்டியலில் அதற்கும் ஒரு வரி இருக்கும்.

பிக்சலில் ஆண்ட்ராய்டு 16-ன் முதல் காலாண்டு அப்டேட்டில், டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் டெஸ்க்டாப் அனுபவத்தை இயக்கும் ஒரு சுவிட்ச் வந்தது. செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குப் போய் பில்டு நம்பரை 7 முறை தட்டினால் அந்த மறைவான பட்டியல் திறக்கும். சுவிட்சை ஆன் செய்து போனை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்தப் பட்டியலில் வேறு எதையும் தொடாதீர்கள்.

ஐபோனில் செருகியதும் படம் வந்துவிடும். மவுஸுக்கு மட்டும் செட்டிங்ஸ், ஆக்சசிபிலிட்டி, டச் என்று போய் அசிஸ்டிவ் டச்சை ஆன் செய்ய வேண்டும். கீபோர்டு அப்படியே வேலை செய்யும்.

டிவி சொல்பேச்சு கேட்காவிட்டால்

டிவி என்பது தூரத்திலிருந்து படம் பார்க்கச் செய்த பெட்டி. அதனால் முதல் நாள் மூன்று குறைகள் கண்ணில் படும்.

டாஸ்க்பாரின் கீழ்ப்பாதி தெரியாது, ஓரத்து எழுத்துகள் வெட்டுப்படும். பழைய ஒளிபரப்புக் காலத்துப் பழக்கத்தில் டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை நறுக்குவதால் வரும் குறை இது. படத்தின் அளவு பற்றிய செட்டிங்கில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எழுத்துகள், குறிப்பாக வண்ணப் பின்னணியில் இருப்பவை, மங்கலாகவும் ஓரம் பிசிறாகவும் தெரியும். நம் எழுத்தில் இது இன்னும் உறுத்தும், 'ண'வும் 'ன'வும் குழம்பிப்போகும். அந்த எச்டிஎம்ஐ ஓட்டைக்கு 'பிசி' என்று பெயர் வைக்க டிவியில் வழி இருந்தால் வைத்துவிடுங்கள். பல டிவிகள் அந்தப் பெயரைப் பார்த்ததும் நிறத்தைச் சுருக்காமல் முழுதாகக் காட்டும். ஷார்ப்னஸையும் குறையுங்கள். கூட்டினால்தான் தெளிவு வரும் என்று தோன்றும், உண்மையில் அதுதான் பிசிறை உண்டாக்குகிறது.

மவுஸ் தாமதமாக நகர்ந்தால் கேம் மோடை ஆன் செய்யுங்கள். படத்தை அழகாக்க டிவி செய்யும் வேலைகளை அது நிறுத்திவிடும்.

எழுத்து சின்னதாக இருந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்காராதீர்கள். டெஸ்க்டாப் முறையின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அளவைக் கூட்டலாம். டிவிக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு மேசை தூரமாவது இருக்கட்டும்.

கீபோர்டும் தமிழும்

கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து நகல், கன்ட்ரோலும் வி-யும் சேர்த்து ஒட்டுதல், ஆல்ட்டும் டேப்பும் சேர்த்து ஆப் மாற்றுதல் எல்லாம் கம்ப்யூட்டரில் போலவே. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் விண்டோஸ் பொத்தானையும் சாய்கோட்டுப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் குறுக்குவழிகளின் பட்டியலே வரும்.

தமிழில் எழுத, செட்டிங்ஸில் 'பிசிக்கல் கீபோர்டு' என்று தேடி அங்கே தமிழ் தளவமைப்பு கிடைக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், அதே இடத்தில் திரைக் கீபோர்டையும் கூடவே காட்டச் சொல்லும் சுவிட்சை ஆன் செய்யுங்கள். அப்போது அதிலிருக்கும் மைக்கைத் தட்டி தமிழில் பேசலாம். அக்கா மகள் தன் ரிப்போர்ட்டின் முன்னுரையை அப்படித்தான் முடித்தாள்: பேசிப் பேசி எழுத்தாக்கினாள், பிறகு மவுஸை வைத்துச் சந்திப்பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினாள். ஒற்றுப் போடுவதில் அந்த மைக் ரொம்பத் தடுமாறும்.

எந்த ஆப், எந்தத் தளம்

நான் கண்டவரை, ஆப்பைவிட பிரவுசர்தான் இங்கே நண்பன். பல ஆப்கள் போனின் ஒல்லித் திரைக்காகவே செய்தவை, ஜன்னலைப் பெரிதாக்கினால் பிதுங்கும் அல்லது மறுக்கும். பிரவுசர் மெனுவில் 'டெஸ்க்டாப் சைட்' என்பதை டிக் செய்துவிட்டால், அதே சேவையின் கம்ப்யூட்டர் வடிவம் கிடைக்கும். விண்ணப்பப் படிவங்கள் நிரப்புவதில் இந்த ஒரு டிக் பெரிய வித்தியாசம். போன் வடிவத்தில் காணாமல் போகும் 'பதிவேற்று' பொத்தான்கள் இதில் வந்துவிடும்.

ஆவணங்களுக்கு கூகுள் டாக்ஸும் மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் ஆப்களும் நன்றாக வேலை செய்கின்றன. பத்து ஜன்னல்களை ஒன்றாகத் திறக்காதீர்கள், நினைவகம் பற்றாமல் பின்னாலிருப்பதைப் போன் மூடிவிடும். மூன்று நான்கோடு நிறுத்திக்கொண்டால் 8 ஜிபி ரேம் உள்ள போன் சோராமல் ஓடும். பெரிய வீடியோ எடிட்டிங்கும், விண்டோஸில் மட்டும் ஓடுகிற கணக்கு மென்பொருள்களும் இதற்கு ஏற்றவை அல்ல என்று எண்ணி அவற்றை ஒதுக்கிவையுங்கள்.

வங்கி ஆப்பைத் திறந்தால் பெரிய திரை கறுப்பாகிவிடலாம். பழுதில்லை, பாதுகாப்புக்காக அந்த ஆப்பே மறைக்கிறது. சினிமா ஆப்கள் கறுப்பானால், நகல் தடுப்பு முறையான எச்டிசிபி-யை உங்கள் அடாப்டர் ஆதரிக்காமல் இருக்கலாம்.

சூடு, பேட்டரி, அந்தரங்கம்

சார்ஜும் ஏறிக்கொண்டு படமும் அனுப்பிக்கொண்டு இருக்கும்போது போன் நன்றாகச் சுடும். கவரைக் கழற்றுங்கள். மெத்தையிலோ துணி மேலோ வைக்காமல் மேசை மீது வையுங்கள். போன் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் பேட்டரி பாதுகாப்பு உங்கள் போனில் இருந்தால், தினமும் இப்படி வேலை செய்கிறவர்கள் அதைக் கட்டாயம் ஆன் செய்ய வேண்டும்.

தொடங்கும் முன் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டுவிடுங்கள். கூடத்து டிவியில் ஓடிபியும் குடும்பச் சண்டையும் வரிவரியாக ஓடுவதை யாரும் விரும்ப மாட்டோம்.

உங்கள் போனில் டிஸ்ப்ளேபோர்ட் இல்லையா?

இரண்டு வழிகள் மிச்சம் இருக்கின்றன. கம்பியில்லாமல் அனுப்புவது ஒன்று: டிவியில் மிராகாஸ்ட்டோ குரோம்காஸ்ட்டோ இருந்தால், போனின் ஸ்கிரீன் காஸ்ட் பொத்தானால் பிரதிபலிக்கலாம். ஸ்லைடு காட்ட, படிக்க இது நன்றாகவே போதும். தட்டச்சுக்கு மட்டும் தாமதம் உறுத்தும். இன்னொன்று டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள அடாப்டர். போனில் டிஸ்ப்ளேலிங்க் பிரசென்டர் என்ற ஆப்பைப் போட்டால், அது படத்தைச் சாதாரணத் தரவாகச் சுருக்கி அனுப்பும், அடாப்டர் விரித்துக் காட்டும். சாதாரண ஹப்பைவிட விலை கூட, அதுவும் பிரதிபலிப்பு மட்டும். வாங்கும் முன் டிஸ்ப்ளேலிங்க் என்ற சொல் அட்டையில் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இது எதுவும் முடியாவிட்டாலும், போனைப் படுக்கவைத்து ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி ப்ளூடூத் கீபோர்டை இணைத்துப் பாருங்கள். கட்டைவிரலுக்கு ஓய்வு கிடைத்தாலே பக்கங்கள் வேகமாக நகரும்.

கழற்றும்போது

பென் டிரைவ் செருகியிருந்தால் முதலில் அறிவிப்புப் பட்டியலில் அதை 'எஜெக்ட்' செய்யுங்கள், ஆவணத்தை ஒரு முறை சேமியுங்கள், பிறகு டெஸ்க்டாப் முறையை அணைத்துவிட்டுப் போனை உருவுங்கள். அக்கா மகள் அந்த வரிசையை ஒரு சின்னச் சீட்டில் எழுதி டிவியின் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறாள். ரிப்போர்ட் முடிந்து மாதங்கள் ஆகியும் அந்தச் சீட்டு அங்கேதான் இருக்கிறது, இப்போது அதைப் பார்த்துக் கழற்றுவது அவள் அம்மா.